பன்னிரண்டாவது கட்டத்தில் நான் எழுதியது

மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய மைத்துனர் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் கடித முறை. ஆனால் அனைவரும் என்று எழுத வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, கடைத் தராசில் ஒரு கிராம் பிசகினாலும் முத்திரை போட மறுத்தவன் நான். கடிதத்தின் முதல் வரியிலேயே பிசகுக்கு இடம் கொடுக்க மனம் வரவில்லை. ஆகவே, இங்கு ஒருவர் சுமாராக நலம். அங்கே தாங்களும், தங்கள் மனைவியாரும், சென்ற ஞாயிற்றுக்கிழமை முதல் தங்களுடன் தங்கியிருக்கும் தங்கள் தங்கையும், ஆக மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். மூன்று முறை அழைத்துப் பார்த்தேன். முதல் முறை தங்கள் தங்கையே எடுத்தாள். நான் ஹலோ என்றதும் வைத்துவிட்டாள். இரண்டாம் முறை ஹலோ சொல்லாமல் இருந்து பார்த்தேன். நான் மூச்சு விடுவதை வைத்தே கண்டுபிடித்து வைத்துவிட்டாள். மூன்றாம் முறை தங்கள் மனைவியார் எடுத்து, "அவ இங்க இல்லைன்னு சொல்லச் சொல்றா" என்றார். "நான் சொல்லச் சொன்னேன்னு ஏன் அண்ணி சொல்றீங்க?" என்று பின்னாலிருந்து தங்கள் தங்கையின் குரல் கேட்டது. குரல் தெளிவாகவும் ஆரோக்கியமாகவும் இருந்ததில் எனக்குத் திருப்தி.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கையை வருகிற பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலைக்குள் இங்கே அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதைக் கணவன் மனைவி விவகாரமாகத் தாங்கள் கருத வேண்டாம். இது முழுக்க முழுக்கப் பொது விவகாரம். செவ்வாய்க்கிழமை எங்கள் குடியிருப்பில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. அவள் வராவிட்டால் கணக்கெடுப்பு படுத்துவிடும். கணக்கெடுப்பு படுத்தால் எங்கள் பேருந்து நின்றுவிடும். எப்படி என்று விளக்குகிறேன். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஐம்பத்து மூன்று வீடுகள் என்பது தாங்கள் அறிந்ததே. பேருந்துத் தடத்தின் கடைசி நிறுத்தம் எங்களுடையது. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து சங்கத் தலைவருக்கு ஒரு தாள் வந்தது: இருநூறு பேருக்குக் குறைவாக வசிக்கும் இடத்துக்கு இனிப் பேருந்து வராது, நாலு கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டோடு திரும்பிவிடும் என்று. சென்ற கணக்கெடுப்பில் எங்கள் எண்ணிக்கை நூற்று எழுபத்தொன்று. உண்மையில் அப்போதும் இருநூறுக்கு மேல்தான் இருந்தோம். வந்தவர் வரி வசூலிக்க வந்தவர் என்று நினைத்து, கால்வாசி வீட்டுக்காரர்கள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இந்த முறை யாராவது வீடு வீடாகப் போய் மக்களை ஊக்குவிக்க வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. தலைவர் முன்பு மின்கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர், அதிகம் பேசமாட்டார். கூட்டத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், நீங்கதான் சும்மா இருக்கீங்க" என்றார். இதை நான் ஒருமனதான தேர்வாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். பணியில் இருந்த காலத்துச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, புதிய நோட்டு ஒன்று வாங்கி, கணக்கெடுப்பில் கலந்துகொள்வேன் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவதாகத் திட்டம். முதல் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் பலகை அடித்து வீட்டை இரண்டாக்கியிருக்கிறார்கள், வாசற்கதவு மட்டும் ஒன்று. கதவைத் தட்டினால் யார் திறப்பது என்று அவர்களுக்குள் தீர்மானமாகாததால் இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அவனை எண்ணுனா என்னை எண்ணாதீங்க சார்" என்றான். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி, "என்னை முதல்ல எண்ணிடுங்க சார்!" என்று கத்தினான். இருவரிடமும் கையெழுத்து வாங்காமலே அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மளிகைக் கடைக்காரர் விஷயம் இன்னும் மோசம். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவருடைய தராசு கிலோவுக்கு எட்டு கிராம் பிசகுகிறது என்று நான் முத்திரை மறுத்ததை அவர் இன்னும் மனதில் வைத்திருக்கிறார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். "உத்தேசமா அஞ்சு" என்றார். மனிதரை எப்படி ஐயா உத்தேசமாக எண்ணுவது என்றேன். "கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும் சார். அன்னிக்கு என் தராசையே நம்பாதவர் நீங்க, இன்னிக்கு என் வாயை நம்பி எழுதிக்கப் போறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே, கடைக்கு வந்திருந்த நாலு பேர் முன்னிலையில் எனக்குப் பருப்பு நிறுத்துக் காட்டினார். நான் பருப்பு கேட்கவே இல்லை. தையல்கார அம்மாவிடம் போனால், "ஊர்ல எல்லாரோட அளவும் என்கிட்ட இருக்கு. என் அளவு யாருக்கும் தெரிய வேணாம்" என்று மிஷினை வேகமாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு வாரம் அலைந்து ஒன்பது வீட்டில்தான் கையெழுத்து வாங்க முடிந்தது. அந்த ஒன்பதிலும் ஒன்று என் வீடு.

இந்த இடத்தில் தங்கள் தங்கையின் பங்கைக் குறிப்பிடாமல் இருப்பது நியாயமாகாது. எட்டாம் நாள் நான் சோர்ந்து போய்ச் செருப்பைக் கழற்றும்போது, "நீங்க ஜப்தி பண்ண வந்தவர் மாதிரி வாசல்ல நின்னா யார் கதவைத் திறப்பாங்க? அந்தச் சட்டையை முதல்ல கழட்டுங்க. நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள். வந்தாள். ஒரே மாலையில் முப்பத்தொரு வீடு, மறுநாள் மாலை மீதிப் பதின்மூன்றும். அவள் எந்த வீட்டிலும் கணக்கெடுப்பைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசவில்லை. ஒரு வீட்டில் குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதைப் பற்றி, இன்னொரு வீட்டில் கதவுக் கீல் சத்தம் போடுவதைப் பற்றி, மூன்றாவது வீட்டில் மருமகளைப் பற்றி. எழுந்து வரும்போதுதான், "ஆங், இவர் ஒரு நோட்டு வச்சிருக்காரு பாருங்க, அதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. பஸ் நின்னுட்டா என் முழங்காலை வச்சுக்கிட்டு நாலு கிலோமீட்டர் நான் எங்க நடக்கிறது?" என்பாள். போட்டார்கள். பலகைக்கு இரண்டு பக்கமும் போட்டார்கள். மளிகைக் கடைக்காரர், "எட்டுப் பேரும்மா, கரெக்டா எட்டு" என்று சொல்லிப் போட்டார். சங்கக் கூட்டத்தில் நான் இந்த முன்னேற்றத்தை அறிக்கையாகப் படித்தபோது இடமின்மை காரணமாக அவள் பெயர் விடுபட்டுவிட்டது. ஆனால் அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் அடுத்து நடந்ததற்கு.

கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் படிவத்தை எப்படி நிரப்புவது என்று ஒரு பயம் இருந்தது. அதைப் போக்க நான் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்தேன். பெரிய அட்டையில், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, கறுப்பு மையில் கேள்வி, நீல மையில் பதில். என் கையெழுத்தைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். நானே சொல்லக்கூடாது, ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு என்றே நினைப்பார்கள். பதிலுக்கு யாருடைய குடும்பத்தை எழுதுவது? பிறத்தியார் வீட்டு விவரத்தை வெளியே போடுவது தவறு. ஊருக்கு முன்மாதிரியாக என் குடும்பத்தையே எழுதினேன். குடும்பத் தலைவர்: நான். பன்னிரண்டாவது கட்டம், செய்யும் வேலை: எடை அளவு ஆய்வாளர், முதல் நிலை, ஓய்வு. அடுத்த வரிசையில் தங்கள் தங்கை. உறவு: மனைவி. வயது: ஐம்பத்தொன்பது. பன்னிரண்டாவது கட்டத்தில் சுருக்கமாக ஒன்று எழுதினேன், அதைப் பிறகு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அட்டையைக் கொண்டுபோய்ப் பேருந்து நிழற்குடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினேன். பத்தே நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண்கள்தான் அதிகம். ஊரில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் தங்கள் தங்கையும் கையில் பையோடு நின்று படித்தாள். ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பி வீட்டுக்குப் போனாள். நான் இன்னும் அரை மணி நேரம் அங்கேயே நின்று பாராட்டுகளை எதிர்பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது, அடுப்பு அணைந்திருந்தது, அரிந்த காய் அரிந்தபடி இருந்தது, அவள் ஒரு பெட்டியோடு வாசலில் நின்றாள். எங்கே என்றேன். "எங்க அண்ணன் வீட்டுக்கு" என்றாள். எப்போது வருவாய் என்றேன். "சாவி ஜன்னல்ல இருக்கு" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. இதில் அவள் கத்தியிருக்கிறாள், பாத்திரத்தை ஓங்கி வைத்திருக்கிறாள், மூன்று நாள் பேசாமலும் இருந்திருக்கிறாள். பெட்டியை எடுத்தது இதுதான் முதல் தடவை.

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பெண்மணியின் வயதை ஊருக்கே தெரியும்படி எழுதிவிட்டேன், அதுதான் குற்றம் என்று பிடிபட்டது. உடனே பிளேடும் பேனாவும் எடுத்துக்கொண்டு நிழற்குடைக்குப் போனேன். மச்சான், நான் வாழ்நாளில் ஒரு எண்ணைக்கூடத் திருத்தியவன் அல்ல. அன்று நீல மையைச் சுரண்டிவிட்டு ஐம்பத்தொன்பதை ஐம்பத்தைந்து ஆக்கினேன். இந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் முதன்முதலில் உங்களுக்குப் போன் செய்தது. ஹலோவோடு வைத்துவிட்டாள் என்றேன் அல்லவா? நாலு வருடம் போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் போய் ஐம்பத்திரண்டு ஆக்கினேன். அட்டையில் அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் பின்னால் ஒட்டியிருந்த பேருந்து நேர அட்டவணை தெரிந்தது.

தையல்கார அம்மா அந்தப் பக்கம் போனவர் நின்று, நான் சுரண்டுவதைச் சற்று நேரம் பார்த்தார். "என்ன சார் பண்றீங்க?" என்றார். வயதைக் குறைக்கிறேன் அம்மா என்றேன். "வயசு கிடக்கட்டும் சார். வயசுக்கா அவங்க போனாங்க? பன்னிரண்டாவது கட்டத்தைப் படிங்க. சத்தமாப் படிங்க, நானும் கேக்கறேன்" என்றார். படித்தேன். செய்யும் வேலை: இல்லை.

படிவத்தில் அப்படித்தானே மச்சான் எழுதுவார்கள்? சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது, கையெழுத்துப் போடும் பதிவேடு கிடையாது. நான் தப்பாக எதுவும் எழுதவில்லை என்று அந்த அம்மாவிடமும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி சார். அவங்களுக்கு வேலை இல்லைன்னா எங்க யாருக்கும் வேலை இல்லை. வேலையில்லாத ஜனத்தை எதுக்கு எண்ணணும்? எங்களை விட்டுட்டு உங்க ஆம்பளைங்களை எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அவர் தையல் மிஷின் ஓட்டிச் சம்பாதிப்பவர், அவருக்குத்தான் வேலை இருக்கிறதே என்று நான் பின்னாலேயே போய் எடுத்துச் சொன்னேன். அது நிலைமையை மேம்படுத்தவில்லை.

மாலைக்குள் செய்தி ஐம்பத்து மூன்று வீட்டுக்கும் போய்விட்டது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, நோட்டைக் கேட்டு வாங்கி, போட்ட கையெழுத்தை அடித்துவிட்டுப் போனார்கள். கோபமாகக்கூட இல்லை, மிகவும் மரியாதையாக, "கொஞ்சம் பேனா குடுங்க சார்" என்று என் பேனாவையே வாங்கி அடித்தார்கள். எண்ணிப் பார்த்தேன். மீதி தொண்ணூற்று நான்கு. சங்கத் தலைவர் வந்தார். நோட்டைப் புரட்டினார். "சார், நீங்க ஊக்குவிச்சது போதும்" என்றார்.

நான் சும்மா விடுபவன் இல்லை. பன்னிரண்டாவது கட்டத்தைச் சுரண்டி இல்லத்தரசி என்று அழகாக எழுதினேன். மறுநாள் காலை நிழற்குடையில் நாலைந்து பேர் அதைப் படித்துக்கொண்டு நின்றார்கள். "அரசியா?" என்றார் தையல்கார அம்மா. "எந்த அரசி சார் சாக்கடை அடைப்புல கையை விடுவா?" அதையும் சுரண்டிவிட்டு வீட்டு வேலை என்று எழுதினேன். "யார் வீட்டு வேலை? போன மாசம் எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னு மூணு நாள் கஞ்சி கொண்டுவந்து குடுத்தாங்களே, அது யார் வீட்டு வேலை?" என்று மளிகைக் கடைக்காரரின் மனைவி கேட்டார். எனக்கு அந்தக் கஞ்சி விஷயமே தெரியாது. அப்போது கட்டமும் கிழிந்துவிட்டது.

சரி, ஒரு ஆய்வாளன் செய்ய வேண்டியதைச் செய்வோம், அவள் என்னதான் வேலை செய்கிறாள் என்று முறைப்படி ஆய்வு செய்து எழுதிவிடுவோம் என்று தீர்மானித்து, புதன்கிழமை முதல் வீட்டில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். உட்காரத்தான் முடியவில்லை. குழாயில் தண்ணீர் நாற்பது நிமிடம்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்றாவது நிமிடம் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். சோற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்று கேள்விப்பட்டதை நம்பி, என் பழைய சோதனைத் தராசில் அரிசியையும் தண்ணீரையும் மில்லிகிராம் பிசகாமல் நிறுத்து வைத்தேன்; மச்சான், எடை சரியாக இருந்தது, சோறுதான் சரியாக இல்லை. வெள்ளை பனியனோடு நீலத் துண்டைச் சேர்த்து நனைத்ததில் இப்போது என்னிடம் வெள்ளை பனியன் கிடையாது. இதற்கு நடுவில் வாசலில் ஆள் மாற்றி ஆள். ஒருவர் காய்ச்சல் பார்க்கும் கருவி கேட்டு வந்தார், ஒருவர் சாவி கொடுத்துவைக்க வந்தார், ஒரு பெண் மருத்துவமனைத் தாளைப் படித்துச் சொல்லக் கேட்டு வந்தாள், பலகை வீட்டு அண்ணனும் தம்பியும் தனித்தனியாக வந்து, மற்றவன் என்ன சொன்னான் என்று கேட்டார்கள். ஏழு வருடமாக அந்த இரண்டு பேரும் அவள் மூலமாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அம்மா இல்லை, என்னிடம் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பரவாயில்ல சார்."

மூன்று நாளில் நோட்டில் எழுபத்து மூன்று வேலைகள் சேர்ந்துவிட்டன. எந்தக் கட்டத்திலும் அது அடங்காது. இவ்வளவும் என் கண் முன்னால் முப்பத்தெட்டு வருடமாக நடந்திருக்கிறது. ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்துக்கொண்டு திரிந்தவன், சொந்த வீட்டில் ஒன்றையும் பார்க்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று பேருந்து தடத்தில் ஒழுங்காக ஓடுகிறதா என்று சரிபார்க்க வேண்டியிருந்ததால், பொது நலனை முன்னிட்டு அதில் ஏறி உங்கள் தெருமுனை வரை வந்தேன். ஒழுங்காகத்தான் ஓடுகிறது. உங்கள் வீட்டு மாடியில் தங்கள் தங்கை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தங்கள் மனைவியார் ஏதோ சொல்ல, சிரித்தாள். நான் பழக்கடையில் விலை கேட்பவன் போல் கால் மணி நேரம் நின்றுவிட்டு, அதே பேருந்தில் திரும்பிவிட்டேன். பழக்கடைத் தராசு சரியாக இருக்கிறது.

ஆகவே, என் கோரிக்கையை மீண்டும் தெளிவாக வைக்கிறேன். பெண்கள் எண்ணப்படாவிட்டால் எங்கள் எண்ணிக்கை நூறைக்கூடத் தொடாது. பேருந்து போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்க வேண்டும், தையல்கார அம்மா துணி மூட்டையோடு நடக்க வேண்டும். பெண்கள் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள், தங்கள் தங்கை வந்து சொன்னால் கேட்பார்கள். அதற்காக மட்டுமே அவள் வரவேண்டும். ஒரு ஊரின் போக்குவரத்தைக் காப்பாற்றிவிட்டு, விருப்பமானால் அவள் மறுபடியும் உங்களிடம் வந்துவிடலாம். எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நான் சமாளித்துக்கொள்வேன். உப்பு டப்பாவைக்கூட நேற்று கண்டுபிடித்துவிட்டேன்.

தாங்களும் தங்கள் துணைவியாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ்ந்து, தங்கள் வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை எந்நாளும் குறையாமல் (ஒருவர் மட்டும் நீங்கலாக) பெருக வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: சனிக்கிழமை எழுதி முடித்த இந்தக் கடிதத்தை நாளைக் காலைப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்து அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் இன்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே கணக்கெடுப்பாளர் வந்துவிட்டார். பள்ளி ஆசிரியை, சின்ன வயது. சின்ன ஊர்களை முதலில் முடிக்கச் சொல்லிவிட்டார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இனிப் பேருந்து அவ்வளவுதான் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் தாங்களாகவே கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, அந்தப் பெண்ணை உட்காரவைத்து, பன்னிரண்டாவது கட்டத்துக்கு மட்டும் ஒரே மூச்சில் நீளமாகப் பதில் சொல்கிறார்கள். தையல்கார அம்மாவிடம் ஓடிப்போய் என்ன அம்மா இது என்றேன். "வெள்ளிக்கிழமையே உங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணிட்டாங்களே சார். 'என் சண்டை அவரோடதான், பஸ்ஸோட இல்லை. எல்லாரும் ஒழுங்கா எண்ணிக்கைக்கு நில்லுங்க'ன்னு சொன்னாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னாங்க" என்றார்.

இருட்டுவதற்குள் எல்லா வீடும் முடிந்துவிட்டது. மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. என் நோட்டில் அடிப்பதற்கு முன்பே இருநூற்று நான்குதான் இருந்தது. ஏழு எப்படிக் குறைந்தது என்று கேட்டேன். "சார், கைக்குழந்தைங்க ஏழு பேர். அவங்க எப்படி சார் கையெழுத்துப் போடுவாங்க?" என்றாள் அந்த ஆசிரியை. பேருந்து நிற்காது. ஆக, மேலே நான் இத்தனை பக்கம் எழுதியதற்கு இப்போது எந்த அவசியமும் இல்லை. தங்கள் தங்கை வரவேண்டிய பொதுக் காரணம் எதுவும் பாக்கி இல்லை.

அந்த ஆசிரியை கடைசியாக எண்ணியது என் வீட்டைத்தான். வீட்டில் எத்தனை பேர் என்றாள். இரண்டு என்றேன். "அம்மா எங்க சார்?" என்றாள். மச்சான், ஊரில் ஐம்பத்து மூன்று வீட்டிலும் போய் நின்று, படிவத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லக்கூடாது என்று பிரசங்கம் பண்ணியவன் நான். "கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொண்டாள். "அம்மா என்ன வேலை பண்றாங்க?" என்று கேட்டாள். அந்தக் கட்டத்துக்கு நான் பதில் சொல்லமாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை, அவளே வந்து சொல்லுவாள் என்றேன். "சரி சார், வியாழக்கிழமை வரைக்கும் நான் இந்தப் பக்கம்தான் இருப்பேன். அம்மா வந்ததும் கேட்டு எழுதிக்கிறேன்" என்று கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மேலே உள்ள பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பேருந்தும் கணக்கெடுப்பும் நான் பிடித்துக்கொண்ட சாக்கு. அவள் இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை, மச்சான். தெருமுனையில் நின்றபோதே கூப்பிட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை. நான் எழுதியது தப்பு. முப்பத்தெட்டு வருடமாகப் பார்க்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. இந்தப் பத்தியை மட்டும் அவளிடம் படித்துக் காட்டுங்கள். போனை வைப்பதுபோல் இதை நடுவில் வைக்க முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

புறப்பட்டு வந்தால், வரும் வழியில் ஒரு தேங்காயோ, கால் கிலோ வெங்காயமோ, எது வேண்டுமானாலும் ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கடைக்குப் போயிருப்பதாகத்தான் அரசாங்கத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.